பிள்ளை வேண்டுமென்றால் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள்

போன இதழில் ஒரு வாசகிக்கு "எச்.ஐ.வி இருந்தாலும் பிள்ளை பெறலாம்" என்று ஒரே வரியில் பதில் எழுதியிருந்தேன். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஆகவே இந்த முறை பகுதி முழுவதும் இந்த விஷயம்தான். யாரையும் அடையாளம் காணமுடியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கேள்வி: டொக்டர் அக்கா, எனக்கு 31 வயது, வலிகாமம் பக்கம். எச்.ஐ.வி இருப்பது தெரிந்து நாலு வருசம். இவருக்கு எல்லாம் தெரியும், இவருக்குத் தொற்று இல்லை. நான் குளிசையை ஒழுங்காகப் போடுகிறேன், கடைசியாகச் செய்த சோதனைகள் எல்லாவற்றிலும் வைரஸ் "காணப்படவில்லை" என்றுதான் வந்தது. ஆனாலும் பயத்தில் இன்றைக்கும் ஆணுறையோடுதான் இருக்கிறோம். நல்லநாள் பெருநாள் வந்தால் மாமி "இன்னும் விசேஷம் ஒண்டும் இல்லையோ பிள்ளை" என்று கேட்கிறா. முன்பு ஓரிடத்தில் வேறு வருத்தத்துக்குப் போனபோது, என் கொப்பியைப் பார்த்த ஒருவர் "உங்களுக்கெல்லாம் என்னத்துக்குப் பிள்ளை, பேசாமல் கர்ப்பத்தடை ஒப்பரேசனைச் செய்யுங்கோ" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். அதிலிருந்து இந்தப் பேச்சையே நான் யாரிடமும் எடுப்பதில்லை. நான் ஆசைப்படலாமா அக்கா? இவருக்குத் தொற்றாமல் பிள்ளை பெற வழி இருக்கிறதா?

பதில்: தங்கச்சி, ஆசைப்படலாம். வழியும் இருக்கிறது, அதில் பாதித் தூரம் நீங்கள் ஏற்கனவே வந்துவிட்டீர்கள்.

முதலில் அந்த ஒப்பரேசன் கதை. எச்.ஐ.வி இருக்கிறது என்பதற்காக ஒரு பெண்ணைக் கர்ப்பத்தடை செய்யச் சொல்ல யாருக்கும் உரிமை கிடையாது. அது உங்களுடைய உடம்பு, உங்கள் சம்மதம் இல்லாமல் எதுவும் நடக்கக்கூடாது. அப்படிச் சொன்னவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தாலும் அது மருத்துவம் இல்லை, அவருடைய சொந்த வெறுப்பு. அதைக் கேட்டு நீங்கள் இத்தனை காலம் வாயை மூடிக்கொண்டு இருந்ததை வாசித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது.

இனி இவருடைய விஷயம். குளிசையை ஒழுங்காக எடுத்து, இரத்தத்தில் வைரஸ் காணமுடியாத அளவுக்குக் குறைந்து, அது அப்படியே நிலைத்திருந்தால் உடலுறவால் துணைக்குத் தொற்றாது. "குறையும்" என்று சொல்லவில்லை, தொற்றாது என்றே சொல்கிறேன். ஐரோப்பாவில் 14 நாடுகளில் ஒருவருக்குத் தொற்று உள்ள, மற்றவருக்கு இல்லாத 888 சோடிகளைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். ஆணுறை இல்லாமல் ஏறத்தாழ 58,000 தடவை உறவு நடந்தது என்று கணக்கு. அதில் ஒருவருக்குக்கூடத் துணையிடமிருந்து தொற்றவில்லை. 2016 இல் முடிவு வெளிவந்தது. 2023 இல் உலக சுகாதார நிறுவனமும் இதையே நேரடியாகச் சொல்லிவிட்டது. ஆகவே உங்களுடைய வைரஸ் அளவு இப்போதும் காணப்படாத நிலையில் இருக்கிறது என்று ஒரு புதுச் சோதனையில் உறுதிசெய்துகொண்டு, கரு தரிக்கக்கூடிய நாட்களில் ஆணுறை இல்லாமல் சேரலாம்.

அந்த நாட்கள் எவை என்று பலருக்கும் குழப்பம். அடுத்த மாதவிடாய் வருவதற்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னர்தான் முட்டை வெளிவரும். முட்டை ஒரு நாள்தான் உயிரோடிருக்கும், விந்தணு ஐந்து நாள்வரை தாக்குப்பிடிக்கும். ஆகவே முட்டை வெளிவரும் நாளும் அதற்கு முன்னைய ஐந்து நாட்களும்தான் உங்களுக்கு வேண்டியவை. மாதவிடாய் 28 நாளுக்கு ஒருதடவை வருகிறவருக்கு, இரத்தம் தொடங்கிய நாளை ஒன்று என்று எண்ணினால், 9 தொடக்கம் 14 வரை. வெள்ளைபடுதல் முட்டை வெண்கருபோல் வழுவழுப்பாக இழுபட்டு வருகிறதென்றால் நாள் கிட்டிவிட்டது என்று அர்த்தம். மற்ற நாட்களில் ஆணுறை பாவிப்பது உங்கள் இருவரின் விருப்பம்.

இத்தனை சொல்லியும் இவருக்கு மனம் துணியவில்லையென்றால், அல்லது எப்போதாவது உங்கள் வைரஸ் அளவு ஏறி இறங்குகிறதென்றால், வீட்டிலேயே செய்யக்கூடிய இன்னொரு முறை இருக்கிறது. அதை யாரும் விளக்கிச் சொல்வதில்லை, எனவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வாய் அகலமான, சுத்தமான, ஈரமில்லாத ஒரு சிறு கிண்ணத்தில் இவர் விந்தை எடுக்கவேண்டும். எண்ணெய், சவர்க்காரம், எச்சில் எதுவும் படக்கூடாது. ஆணுறையில் எடுக்காதீர்கள், அதில் பூசியிருக்கும் பொருள் விந்தணுவைப் பாதிக்கும். எடுத்தவுடன் விந்து கட்டியாக இருக்கும், ஒரு இருபது முப்பது நிமிடம் வைத்தால் இளகிவிடும். பாமசியில் வாங்கிய புது 10 மில்லிலீற்றர் சிறிஞ்சில், ஊசி பூட்டாமல், மெதுவாக இழுத்து, காற்றை வெளியே தள்ளிவிட்டு, நீங்கள் படுத்தபடி யோனிக்குள் விட்டு ஆறுதலாக அமத்தவேண்டும். இடுப்புக்குக் கீழே ஒரு தலையணை வைத்து அரைமணித்தியாலம் படுத்திருங்கள். எடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் எல்லாம் முடிந்துவிடவேண்டும். சூடாக்கவோ குளிர்ப்பெட்டியில் வைக்கவோ வேண்டாம், சிறிஞ்சை டெற்றோல் போட்டுக் கழுவவும் வேண்டாம், ஒவ்வொரு முறையும் புதிது. கரு தரிக்கும் நாட்களில் ஒன்றுவிட்ட ஒரு நாள் செய்தால் போதும். இந்த முறையில் உங்கள் உடற்திரவம் இவருக்குப் படவே படாது என்பதால் இவருக்குத் தொற்ற வழியே இல்லை.

பிள்ளைக்கு? சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு 100க்கு 15 முதல் 45 வரை. அது பழைய காலத்துக் கணக்கு. பிரான்சில் 2000 முதல் 2011 வரை பிறந்த பிள்ளைகளை வைத்து ஒரு ஆய்வு செய்தார்கள்: கரு தரிக்க முன்னரே மருந்து தொடங்கி, இடையில் விடாமல், பிரசவ நேரத்தில் வைரஸ் காணப்படாமல் இருந்த தாய்மாருக்குப் பிறந்த 2,651 பிள்ளைகளில் ஒன்றுக்கும் தொற்றவில்லை. இலங்கையைப் பார்த்தாலும், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வியும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. ஒவ்வொரு கர்ப்பவதிக்கும் முதல் கிளினிக்கிலேயே இரத்தம் எடுத்துப் பார்த்த மிட்வைஃப்மாரின் உழைப்பு அதில் பெரும் பங்கு.

ஆனால் அந்த ஏற்பாடு முழுவதும் பெண் கர்ப்பமான பிறகுதான் தொடங்குகிறது. உங்களைப்போல் தொற்று இருப்பது முன்னமே தெரிந்தவருக்கு வேலை அதற்குமுன் ஆறு மாதமாவது இருக்கிறது. அதற்காகத்தான் சொல்கிறேன், அடுத்த தடவை குளிசை எடுக்கப் போகும்போது கதவைச் சாத்திவிட்டு டொக்டரிடம் இந்த ஒரு வசனத்தைச் சொல்லுங்கள்: "நாங்கள் பிள்ளை பெற யோசிக்கிறோம், அதுக்கு என்ன ஆயத்தம் செய்யவேணும்?" சொல்ல வாய் வரவில்லையென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அவர் உங்கள் மருந்துகள் கர்ப்பத்துக்கு ஏற்றவையா என்று பார்ப்பார். கருப்பைக் கழுத்துச் சோதனையைக் கர்ப்பத்துக்கு முன்னரே முடித்துவிடுங்கள், எச்.ஐ.வி உள்ள பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஆறு மடங்கு. சிபிலிஸ், ஈரல் அழற்சி பி, சீனி, இரத்த அழுத்தம், தைரொயிட், தலசீமியா எல்லாம் ஒரு தடவை பார்க்கவேண்டும். ருபெல்லா ஊசி போடாதவர் என்றால் அது உயிருள்ள தடுப்பூசி, இரத்தத்தில் சிடி4 என்ற நோயெதிர்ப்புக் கலங்களின் எண்ணிக்கை 200க்கு மேல் இருந்தால்தான் போடுவார்கள், போட்டபின் உடனே கரு தரிக்கக்கூடாது. ஃபோலிக் அமிலக் குளிசையை மூன்று மாதம் முன்னதாகவே தொடங்குங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் தருவார்கள். இவரும் ஒருக்கால் எச்.ஐ.வி சோதனை செய்துகொள்ளட்டும், உங்கள் இருவருக்கும் மனத்துக்கு அது பெரிய தெம்பு.

மாமிக்கு என்ன பதில் சொல்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், அதை இவர்தான் சொல்லவேண்டும் என்றே எழுதியிருப்பேன்.

கேள்வி: எனக்கு 27. இவர் கட்டாரில், வருசத்துக்கு ஒரு மாதம்தான் லீவு. எனக்குத் தொற்று இருப்பது இவருக்குத் தெரியும், வைரஸ் காணப்படாமல்தான் இருக்கிறது. போன வருசம் லீவில் முயற்சி செய்தும் நிற்கவில்லை. என்னில்தான் குறை என்று அழுகையாக இருக்கிறது. மாதவிடாயும் சரியாக வருவதில்லை.

பதில்: அழாதீர்கள். எந்தக் குறையும் இல்லாத இளம் சோடிக்கே ஒரு மாதத்தில் கரு தங்கும் வாய்ப்பு நாலில் ஒன்று, ஐந்தில் ஒன்று என்ற அளவில்தான். ஒரு லீவில் நிற்கவில்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வரமுடியாது.

ஆனால் லீவு ஒரு மாதம் என்றால் முன்கூட்டியே திட்டமிடவேண்டும். இவர் ரிக்கெட் போடும் முன் குறைந்தது மூன்று மாதமாவது உங்கள் மாதவிடாய்த் திகதிகளைக் கலண்டரில் குறித்து வைத்து, கரு தரிக்கக்கூடிய அந்த ஒரு கிழமை லீவின் நடுவில் விழுகிறமாதிரி நாளைப் போடச் சொல்லுங்கள். வந்து இறங்கி இரண்டாம் நாளே அந்தக் கிழமை முடிந்துபோனால், மிச்ச நாட்கள் கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும்தான் உதவும். உங்கள் வைரஸ் சோதனையும் ஃபோலிக் அமிலமும் அவர் வருமுன் முடிந்திருக்கவேண்டும், வந்தபிறகு இரத்தம் கொடுத்து முடிவுக்குக் காத்திருக்க நேரம் இராது.

மாதவிடாய் ஒழுங்கில்லை என்பதை மகப்பேற்று டொக்டரிடம் இப்போதே காட்டுங்கள். சூலகத்தில் நீர்க்கட்டி என்று சொல்லி மெற்ஃபோமின் குளிசை எழுதித் தருவது வழக்கம். அப்படித் தந்தால், நீங்கள் எடுக்கும் எச்.ஐ.வி மருந்தில் டொலுடெகிராவிர் இருக்கிறதா என்று பார்த்து இரண்டு டொக்டரிடமும் சொல்லவேண்டும். டொலுடெகிராவிர் மெற்ஃபோமினின் அளவை உடம்பில் கூட்டிவிடும், எனவே மெற்ஃபோமினைக் குறைத்துத் தருவார்கள். பயந்துகொண்டு இரண்டில் ஒன்றை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: எனக்குத் தொற்று இல்லை, இவருக்குத்தான் இருக்கிறது. விந்தைக் கழுவித் தருவார்கள் என்று வெளிநாட்டிலுள்ள மச்சாள் சொல்கிறா. இந்தியாவுக்குப் போகவேண்டுமா?

பதில்: வேண்டாம். இவர் மருந்து எடுத்து வைரஸ் காணப்படாத நிலையில் ஆறு மாதம் நிலைத்திருந்தால் இயற்கையாகவே முயற்சி செய்யலாம், உங்களுக்குத் தொற்றாது, பிள்ளைக்கும் தொற்றாது, ஏனென்றால் பிள்ளைக்குப் போவது தாயிடமிருந்துதான். விந்தைக் கழுவும் முறை மருந்துகள் சரியாக இல்லாத காலத்தில் பெரிய உதவியாக இருந்தது, அவ்வளவு காசைக் கொட்ட இப்போது தேவையில்லை. இவருடைய வைரஸ் அளவு இன்னும் குறையவில்லை, ஆனால் உங்களுக்கு வயது ஏறுகிறது என்றால், தொற்று வராமல் தடுக்க நீங்கள் தினமும் எடுக்கக்கூடிய குளிசை ஒன்று இருக்கிறது, அதைப்பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள். அதுவரை ஆணுறை.

கேள்வி: கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் விரதம் இருந்தால் பிள்ளை கிடைக்கும் என்று அம்மா சொல்லி இந்த முறை பிடிக்கப்போகிறேன். இளநீர் மட்டும்தான். எச்.ஐ.வி குளிசை வெறுவயிற்றில் போடலாமா? மிட்வைஃப் மிஸ் தந்த இரும்புச்சத்துக் குளிசையும் கல்சியமும்கூட இருக்கிறது.

பதில்: நல்ல கேள்வி, கிளினிக்குகளில்கூடப் பலர் இதைக் கேட்க மறந்துவிடுகிறார்கள்.

விரதம் பிடியுங்கள். முருகனுக்காகக் குளிசையை மட்டும் விடாதீர்கள், மருந்து விழுங்க ஒரு மிடறு தண்ணீர் குடித்தால் விரதம் கெடாது. டொலுடெகிராவிரைச் சாப்பாட்டோடும் போடலாம், வெறுவயிற்றிலும் போடலாம். சிக்கல் இரும்பிலும் கல்சியத்திலும்தான். வெறுவயிற்றில் இவற்றோடு சேர்த்துப் போட்டால் அவை டொலுடெகிராவிரைப் பிடித்துக் கட்டிவைத்துவிடும், மருந்து இரத்தத்தில் சேராமல் வெளியே போய்விடும். நீங்களோ ஒழுங்காகக் குளிசை போடுவதாக நினைத்துக்கொண்டிருப்பீர்கள், உள்ளே வைரஸ் ஏறிக்கொண்டிருக்கும். நெஞ்செரிவுக்குக் குடிக்கிற மருந்துகளும் இப்படித்தான், கடையில் வாங்கும் விற்றமின் குளிசைகளில் பலவும் இப்படித்தான். சாதாரணமாகச் சாப்பிடும் நாட்களில் சாப்பாட்டோடு இரும்பையும் கல்சியத்தையும் டொலுடெகிராவிரோடு ஒன்றாகப் போட்டால் பிழையில்லை, நெஞ்செரிவு மருந்தை மட்டும் சாப்பாட்டோடும் அப்படிச் சேர்க்கக்கூடாது. சாப்பாடு இல்லாதபோது டொலுடெகிராவிரை அவற்றுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் போடவேண்டும், அல்லது ஆறு மணித்தியாலம் கழித்துப் போடவேண்டும்.

அடுக்களைச் சுவரில் ஒட்டிவைக்க வசதியாகச் சொல்கிறேன். காலை ஆறு மணிக்கு, முகம் கழுவிவந்து எச்.ஐ.வி குளிசை. மத்தியானம் இரும்பு. அதைத் தேத்தண்ணியோடு போடாதீர்கள், தேயிலை இரும்பைச் சேரவிடாது, தேசிக்காய்த் தண்ணீரோடு போட்டால் நல்லாகச் சேரும். இரவு எட்டு மணிக்குக் கல்சியம். மறுநாள் காலை ஆறுமணிக்கு நடுவில் பத்து மணித்தியாலம் இருக்கும், ஒன்றோடொன்று முட்டாது. கர்ப்பம் தங்கியபிறகும் இதே ஒழுங்கை வைத்திருக்கலாம், அப்போது இரும்பும் கல்சியமும் எப்படியும் தருவார்கள். ஆனால் கர்ப்பமானால் முழுப் பட்டினி வேண்டாம், அம்மாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

இன்னொன்று, யாராவது பரிகாரியார் பிள்ளைப்பாக்கியத்துக்கு லேகியம், சூரணம் தந்தால் முதலில் கிளினிக்கில் காட்டுங்கள். நாட்டு மருந்துகளில் சில, எச்.ஐ.வி மருந்தோடு ஒத்துப்போகாது.

கேள்வி: அவசரம் டொக்டர். எனக்கு இப்போது ஆறு கிழமை. இன்ரநெற்றில் டொலுடெகிராவிர் எடுத்தால் பிள்ளைக்கு முதுகுத்தண்டில் குறை வரும் என்று வாசித்துவிட்டு நாலு நாளாகக் குளிசையை நிறுத்தி வைத்திருக்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை.

பதில்: தங்கச்சி, உங்களுக்குத் தபாலிலும் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன், இந்த இதழ் வரும்வரை காத்திருக்கக்கூடாது என்பதால். அதையே இங்கும் சொல்கிறேன், உங்களைப்போல் வேறு யாரும் நிறுத்தியிருந்தால் அவர்களுக்காக: இன்றைக்கே கிளினிக்குக்குப் போய் நடந்ததைச் சொல்லி மருந்தைத் திரும்பத் தொடங்குங்கள். ஏசுவார்கள் என்று பயப்படாதீர்கள். ஏசினாலும் பரவாயில்லை, போங்கள்.

நீங்கள் வாசித்தது பொய்யில்லை, பழசு. 2018 இல் பொட்ஸ்வானாவில் ஒரு ஆய்வின் நடுவில் கணக்குப் பார்த்தபோது, கரு தரிக்கும் வேளையில் டொலுடெகிராவிர் எடுத்துக்கொண்டிருந்த 426 பேரில் 4 பேரின் பிள்ளைகளுக்கு அந்தக் குறை இருந்தது. உலகமே பயந்தது, பல நாடுகள் இளம் பெண்களுக்கு அந்த மருந்தைக் கொடுக்காமல் வைத்தன. ஆய்வு தொடர்ந்து நடந்து, பல ஆயிரம் பிறப்புகள் சேர்ந்தபோது, மற்ற மருந்து எடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்று தெளிவாகிவிட்டது. இன்றைக்குக் கர்ப்பவதிகளுக்கும் பிள்ளை பெற நினைப்பவர்களுக்கும் உலக சுகாதார நிறுவனம் முதலாவதாகச் சொல்வதே இந்த மருந்தைத்தான். 2018 இல் வந்த பயம் இன்ரநெற்றில் அப்படியே கிடக்கிறது, பிறகு வந்த நல்ல சேதி அந்த அளவுக்குப் பரவவில்லை.

பிள்ளைக்கு ஆபத்து மருந்தை நிறுத்துவதில்தான். நாலு நாளில் பெரிதாக எதுவும் கெட்டிருக்காது, நாலு கிழமை ஆனால் கதை வேறு. வாந்தியால் குளிசை நிற்கவில்லையென்றால் நேரத்தை இரவுக்கு மாற்றித்தரக் கேளுங்கள்.

கேள்வி: நான் கிளினிக்குக்குப் போனால் ஊருக்கே தெரிந்துவிடாதா? என் சொந்தக்காரர் ஒருவர் பெரியாஸ்பத்திரியில் வேலை.

பதில்: இந்தப் பயம் நியாயமானது, யாழ்ப்பாணம் எவ்வளவு சின்ன இடம் என்று எனக்கும் தெரியும். பாலியல் நோய் கிளினிக்குக்குப் போகத் துண்டு எதுவும் தேவையில்லை, சிகிச்சை இலவசம், உங்கள் மாவட்டத்துக் கிளினிக்குக்குத்தான் போகவேண்டும் என்றும் இல்லை. வவுனியாவுக்கோ கொழும்புக்கோ போய் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பிரசவம் இங்கே நடக்குமென்றால், உங்கள் நிலை மகப்பேற்று டொக்டருக்கும் பிள்ளைகள் டொக்டருக்கும் தெரிந்தே ஆகவேண்டும். யார் யாருக்குச் சொல்லப்படும், கொப்பியில் என்ன எழுதப்படும் என்று முன்னரே கேட்டு, உங்கள் சொந்தக்காரர் அங்கே வேலை செய்வதையும் சொல்லிவிடுங்கள். அப்படி யாராவது வெளியில் கதைத்தால் அது முறைப்பாடு செய்யவேண்டிய தவறு.

கேள்வி: ஏழு மாதம். கிளினிக்கில் தாய்ப்பால் வேண்டாம், பால்மா கொடுப்போம் என்று முடிவெடுத்திருக்கிறோம். வீட்டில் மாமி, பெரியமாமி, பக்கத்து வீட்டு அன்ரி எல்லோரும் பிள்ளை பார்க்க வருவார்கள். பால் கொடுக்காமல் இருந்தால் உடனே சந்தேகம் வரும். நினைக்க நினைக்க நித்திரை வருவதில்லை. சாதாரணமாகப் பிள்ளை பெறமுடியுமா, சிசேரியன்தானா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: இரண்டாவதை முதலில் சொல்கிறேன். 36ஆம் கிழமையளவில் பார்க்கும் வைரஸ் அளவுதான் இதைத் தீர்மானிக்கும். காணப்படாமல் இருந்தால் சாதாரணப் பிரசவமே போதும், எச்.ஐ.விக்காக வயிற்றை வெட்டத் தேவையில்லை. அளவு கூடியிருந்தால் 38ஆம் கிழமையில் சிசேரியன் செய்வார்கள்.

பால் விஷயம் உண்மையிலேயே கடினம். உடலுறவுக்குச் சொன்ன "தொற்றாது" என்ற உறுதியைத் தாய்ப்பாலுக்கு அப்படியே சொல்லமுடியாது. வைரஸ் காணப்படாத தாயின் பாலால் தொற்றும் வாய்ப்பு 100க்கு 1க்கும் குறைவு, ஆனால் பூச்சியம் இல்லை. அதனால்தான் நாட்டுக்கு நாடு ஆலோசனை வேறுபடுகிறது. சுத்தமான தண்ணீரும் பால்மாவும் கிடைப்பது கஷ்டமான இடங்களில் மருந்தோடு தாய்ப்பால் கொடுக்கச் சொல்கிறார்கள், ஏனென்றால் அங்கே வயிற்றோட்டத்தில் பிள்ளை சாவது அதைவிடப் பெரிய ஆபத்து. நீங்கள் டொக்டரோடு பேசி எடுத்த முடிவு சரியான முடிவு. ஆட்களுக்குப் பயந்து பகலில் பாலும் இரவில் மாவுமாக மாற்றி மாற்றிக் கொடுக்கவேண்டாம். வீட்டுக்குப் போனபின் மனம் மாறுகிறதென்றால் ஒளிக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள், அதற்கும் வழிகாட்டுவார்கள்.

ஆட்களுக்குச் சொல்ல இப்போதே ஒரு கதையைத் தயார் செய்யுங்கள், அதை நீங்களும் இவரும் ஒரேமாதிரிச் சொல்லவேண்டும். "நான் எடுக்கிற மருந்து பாலில போகுமாம், டொக்டர் குடுக்கவேண்டாம் எண்டிட்டார்." இது பொய்யும் இல்லை. என்ன மருந்து என்று தோண்டினால் "பிறஷருக்கு" என்பதோடு நிறுத்துங்கள், மேலே விளக்கப் போகாதீர்கள். பேச்சு நீண்டால் இவர் எழும்பி வந்து "அம்மா, டொக்டர் சொன்னதைத்தான் செய்யுறம்" என்று முடித்துவிடட்டும். மார்பில் பால் கட்டி நோவெடுத்துச் சட்டை நனைந்தாலும் கேள்வி வரும், ஆகவே பிள்ளை பிறந்த முதல் நாளுக்குள்ளேயே பால் வற்ற ஒரு குளிசை தருவார்கள், பிரசவத்துக்கு முன்னரே டொக்டருக்கு நினைவூட்டுங்கள்.

பத்தியமும் சரக்குத்தூளும் மாமி விருப்பப்படி நடக்கட்டும், அவற்றால் உங்கள் மருந்துக்கு ஒன்றும் ஆகாது. பிள்ளைக்கு நாலு முதல் ஆறு கிழமைவரை ஒரு சிரப் கொடுக்கச் சொல்வார்கள். அந்தப் போத்தலில் மருந்தின் பெயர் ஒட்டியிருக்கும், அதை அறையில் உங்கள் கைக்கு மட்டும் எட்டும் இடத்தில் வையுங்கள். மறந்துபோகாமல் கொடுப்பதை இவருடைய பொறுப்பாக்கிவிடுங்கள், ஆட்கள் நிறைந்த வீட்டில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அறைக்குள் போவது தகப்பனுக்கு லேசு.

உங்களிடம் மட்டும் ஒரு எச்சரிக்கை. பிள்ளை பிறந்தபிறகு எல்லோருடைய கவனமும் பிள்ளையில் இருக்கும், நித்திரையும் இராது, அந்த மாதங்களில்தான் நிறையத் தாய்மார் தங்கள் குளிசையை விடுகிறார்கள். உங்கள் காலை ஆறு மணியை விடாதீர்கள்.

கேள்வி: பிள்ளைக்கு ஒரு வயது. முந்தி செய்த பிசிஆர் சோதனைகள் எல்லாம் நல்லம் என்றார்கள். இப்போது காய்ச்சலுக்குத் தனியார் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்தபோது எச்.ஐ.வி பொசிற்றிவ் என்று துண்டில் வந்திருக்கிறது. செத்துவிடலாம் போலிருக்கிறது.

பதில்: தயவுசெய்து இதை முழுதாக வாசியுங்கள். அந்தச் சோதனை வைரஸைத் தேடுவதில்லை, வைரஸுக்கு எதிராக உடம்பு உண்டாக்கும் பிறபொருளெதிரியைத் தேடுகிறது. கர்ப்பத்தில் உங்கள் பிறபொருளெதிரி தொப்புள்கொடி வழியாகப் பிள்ளைக்குப் போயிருக்கும், அது பதினெட்டு மாதம்வரை பிள்ளையின் இரத்தத்தில் நிற்கலாம். ஆகவே ஒரு வயதில் அந்தச் சோதனை பொசிற்றிவ் என்று வந்தால், அது உங்களிடமிருந்து போன பிறபொருளெதிரியாக இருக்கலாம், அதை மட்டும் வைத்துப் பிள்ளைக்குத் தொற்று என்று சொல்லமுடியாது. வைரஸை நேரடியாகத் தேடும் பிசிஆர் நல்லம் என்று வந்திருக்கிறது, நம்பவேண்டியது அதைத்தான். துண்டைக் கொண்டுபோய் உங்கள் கிளினிக்கில் காட்டுங்கள், இன்னொரு பிசிஆர் செய்து பார்த்துவிடுவார்கள். பதினெட்டு மாதத்தில் செய்யும் சோதனைதான் கடைசிச் சோதனை, அந்தத் திகதியைத் தவறவிடாதீர்கள். மனம் இன்னும் அந்தமாதிரி யோசித்தால், விடியட்டும் என்று இராமல் இப்போதே இவரிடமோ அம்மாவிடமோ சொல்லி, யாராவது பக்கத்தில் இருக்கச் செய்யுங்கள். நாளைக்குக் கிளினிக்குக்கும் தனியே போகவேண்டாம், அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள்.